மீந்த சாதம், ஆறிய இட்லி, டப்பா அடியில் ஒரு பிடி மாவு: சாயங்காலத்துக்கு என்ன பொரிக்கலாம்?

கேள்வி இதுதான்: வீட்டில் இரண்டே பேர். எவ்வளவு அளந்து சமைத்தாலும் ஒரு கிண்ணம் சாதம், நாலு இட்லி, பாத்திரத்தின் அடியில் புளித்த மாவு, டப்பாக்களில் ஒரு பிடி பொட்டுக்கடலை, கால் கப் ரவை என்று ஏதாவது மீந்துகொண்டே இருக்கிறது. அதை வைத்து வடை, பக்கோடா என்று பொரித்துப் பார்த்தால் ஒன்று எண்ணெயில் உதிர்ந்து போகிறது, இல்லாவிட்டால் எண்ணெயை அப்படியே குடித்துவிடுகிறது. எங்கே தவறு, என்னவெல்லாம் செய்யலாம்?

உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை. பருப்பு வடைக்கும் வெங்காயப் பக்கோடாவுக்கும் பழகிய கணக்கை மீந்த சாப்பாட்டுக்கும் வைக்கிறீர்கள், அதுதான் ஒத்துவரவில்லை. சாதம், இட்லி, சுண்டல், உப்புமா எல்லாமே ஏற்கெனவே வெந்தவை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எதில் எவ்வளவு மாவு சேர்ப்பது, தண்ணீர் வேண்டுமா, தீயை எப்படி வைப்பது எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

பருப்பு வடை ஏன் உதிர்வதில்லை? கடலைப்பருப்பை ஊறத்தான் வைக்கிறோம், வேக வைப்பதில்லை. கரகரப்பாக அரைத்துத் தட்டிப் போட்டதும் அதிலுள்ள மாவுச்சத்தும் புரதமும் எண்ணெயின் சூட்டில் வெந்து இறுகி, ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. வெந்த கொண்டைக்கடலையில் அந்த வேலை குக்கரிலேயே முடிந்துவிட்டது. திரும்பவும் சூடுபடுத்தினாலும் அது ஒட்டாது. அதனால் மீந்த எதைப் பிசைந்து பொரித்தாலும் அதோடு வேகாத மாவு ஏதாவது ஒன்று சேர வேண்டும். கடலைமாவோ, அரிசி மாவோ, ஊறவைத்து அரைத்த ஒரு பிடி பருப்போ, எது கையில் இருக்கிறதோ அது போதும். உருளைக்கிழங்கு மட்டும் விதிவிலக்கு. வெந்து மசித்த பிறகும் அதற்குப் பசை உண்டு. கட்லெட்டுக்கு உருளைக்கிழங்கு இல்லாமல் ஆகாது என்பது அதனால்தான்.

அடுத்தது ஈரம். வெந்த சாதத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதில் இன்னும் தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் அது வடை மாவாக இருக்காது, கூழாகிவிடும். எண்ணெயில் போட்டதும் நீராவி வெளியே வர வழி தேடி மாவை உடைத்துக்கொண்டு வரும். உடைந்த இடத்தில் எண்ணெய் உள்ளே போகும். மீந்ததைப் பிசையும்போது தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

அப்புறம் தீ. முறுக்கையும் தட்டையையும் மிதமான தீயில் நேரம் எடுத்து வேகவிடுகிறோம், உள்ளே இருக்கும் ஈரம் முழுக்கப் போனால்தான் கரகரப்பு நிற்கும். மீந்ததற்கு அந்தப் பொறுமை வேண்டியதில்லை. உள்ளே வெந்தாயிற்று, வெளியே ஒரு மொறுமொறுப்பு வந்தால் போதும். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், 175 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு. வெப்பமானி இல்லையா, சரி, ஒரு துளி மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் தங்கினால் இன்னும் காயவில்லை. போட்ட வேகத்தில் குமிழியோடு மேலே வந்தால் பதம். வந்த வேகத்திலேயே கருத்தால் அடுப்பைக் குறைத்து ஒரு நிமிடம் பொறுங்கள்.

சாதத்தில் தொடங்குவோம். ஒரு கப் சாதத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி கடலைமாவு, ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு. பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, அரை டீஸ்பூன் சோம்பு. முதலில் வெங்காயத்தில் உப்பைப் போட்டுப் பிசறிப் பத்து நிமிடம் வைத்துவிடுங்கள். உப்பு வெங்காயத்திலிருந்து இழுக்கும் தண்ணீரே மாவுக்குப் போதும். சாதத்தில் பாதியைக் கையால் நன்றாக மசித்து, மீதியைப் பருக்கையாகவே விடுங்கள். மசித்தது பிடித்துக்கொள்ளும், பருக்கை எண்ணெயில் பொரிந்து நுனி நுனியாக மொறுமொறுக்கும். பிசைந்தவுடன் பொரித்துவிட வேண்டும். அரை மணி நேரம் கிடந்தால் உப்பு இன்னும் தண்ணீரை இழுத்து மாவு தளர்ந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்த சாதம் இதற்கு இன்னும் நல்லது. ஆறி இறுகிய சோற்றில் மாவுச்சத்து கெட்டிப்பட்டிருப்பதால் குழையாமல் நிற்கும்.

ஆனால் சாதத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மதியம் வடித்து, இரவு வரை அடுப்படியிலேயே மூடிக்கிடந்த சாதத்தைப் பொரிக்காதீர்கள். அரிசியில் இருக்கும் பாசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதிக்கும் உலையிலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு சூட்டில் அழியாது. எண்ணெய் 175 டிகிரியில் இருந்தாலும், ஈரம் இருக்கும்வரை பக்கோடாவின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். ‘எண்ணெயில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை ஆபத்தானது. மீதி என்று தெரிந்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள். தேங்காய் போட்ட பொரியலுக்கும் கூட்டுக்கும் இதைவிடக் கண்டிப்பு வேண்டும். சித்திரை வெயிலில் அவை மாலைக்குள் ஊசிவிடும்.

இட்லிக்கு இந்த மாவு வேலை எதுவுமே வேண்டாம். ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்த இட்லியை விரல் விரலாக நறுக்கி, அப்படியே காய்ந்த எண்ணெயில் போடுங்கள். சூடான இட்லியை நறுக்கினால் பொடிப்பொடியாகும், எண்ணெயும் குடிக்கும். குளிர்ந்தது கத்தியை வைத்தால் பனீர் மாதிரி சுத்தமாக வெட்டுப்படும். பொன்னிறமானதும் எடுத்து, சூட்டோடு இட்லிப் பொடியைத் தூவிப் புரட்டினால் தொட்டுக்கொள்ள ஒன்றும் கேட்காது. மேலே கடலைமாவு தோய்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, இட்லியின் மெல்லிய புளிப்பை அது மூடிவிடுகிறது.

உப்புமாவும் வெண்பொங்கலும் ஒன்று போலத் தெரிந்தாலும் நடத்தை வேறு. உப்புமாவை உருட்டித் தட்டி, நீர்க்கக் கரைத்த மாவில் முக்கி, ரொட்டித்தூளில் புரட்டினால் கட்லெட் ஆகிவிடும். பொங்கலில் நெய் இருக்கிறது. ஃபிரிட்ஜில் அந்த நெய் உறைந்து, உருண்டை கல் மாதிரி பிடித்துக்கொள்ளும். அதை நம்பி எண்ணெயில் போட்டால் நெய் உருகி உருண்டை கலைந்துவிடும். பஜ்ஜி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கடலைமாவைக் கரைத்து, உருண்டை முழுதும் மூடும்படி தோய்த்து, குளிர்ச்சி போவதற்குள் போட வேண்டும். உருண்டை எலுமிச்சை அளவைத் தாண்டக் கூடாது. உள்ளே மிளகும் முந்திரியும் கடிபடும்போது இதற்கு ஈடு எதுவும் இல்லை என்று எனக்குத் தோன்றும்.

நவராத்திரியில் சுண்டல் மிஞ்சாத வீடு உண்டா? ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலை மிக்சியில் தண்ணீர் விடாமல் இரண்டு சுற்று சுற்றுங்கள். ஒரு பிடி கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்துத் தனியாக அரைத்துச் சேர்த்தால் மசால் வடைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அதற்கு நேரமில்லை என்றால் இரண்டு மேசைக்கரண்டி கடலைமாவு. சுண்டலில் ஏற்கெனவே உப்பு இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

புளித்த மாவுக்கு வருகிறேன், நம் வீடுகளில் அதிகம் மிஞ்சுவது அதுதானே. மாவு இட்லிப் பதத்தில் கெட்டியாக இருந்தால் ஒரு கப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி ரவையும் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவும் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ரவை ஈரத்தை இழுத்துக்கொண்டதும் வெங்காயம், மிளகாய், தேங்காய்ப் பல், பெருங்காயம் போட்டுக் கிள்ளிக் கிள்ளிப் போட வேண்டியதுதான். சமையல் சோடா போடாதீர்கள். புளித்த மாவில் தேவையான காற்று இருக்கிறது. சோடாவும் சேர்ந்தால் மாவு பஞ்சு மாதிரி துளை விட்டு, துளைக்குத் துளை எண்ணெயை வாங்கிக்கொள்ளும். தோசைக்குக் கரைத்து நீர்த்துப்போன மாவாக இருந்தால் எண்ணெய்ச்சட்டி வேண்டாம், குழிப்பணியாரக் கல்லை எடுங்கள். குழிக்கு அரை ஸ்பூன் எண்ணெயில் வேலை முடியும்.

அடை மாவு மீந்தால் அது நல்வாய்ப்பு. அதில் அரிசியும் பருப்பும் வேகாமல்தான் இருக்கின்றன, பிடிப்புக்கு எதையும் தேட வேண்டாம். கெட்டியாக இருக்கும் மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிப் பொரித்தால் குணுக்கு. பிராமணர் வீடுகளில் அடை செய்த மறுநாள் டிபன் பெரும்பாலும் இதுதான். அடையைவிடக் குணுக்குக்காகவே மாவைக் கூடுதலாக அரைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

இரண்டு மீதிகள் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு என் மனதில் முதலில் நிற்பது சுழியம். சுய்யம், சுசியம், சீயம் என்று ஊருக்கொரு பெயர், கேரளத்தில் பச்சைப்பயறு வைத்துச் செய்வதைச் சுகியன் என்பார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்த கடலைப்பருப்புப் பூரணம் மீந்திருக்கும். போளி தட்டிய பிறகும் ஒரு கிண்ணம் மிஞ்சும். அதைச் சின்ன எலுமிச்சை அளவு உருட்டி, அதிகம் புளிக்காத தோசை மாவில் ஒரு ஸ்பூன் அரிசி மாவு கலந்து கெட்டியாக்கி, தோய்த்துப் போடுங்கள். மாவு எங்கேயும் விடுபடக் கூடாது. ஒரு ஊசிமுனை அளவு விட்டுப்போனாலும் வெல்லம் உருகி எண்ணெயில் கலந்து, அடுத்த ஈடு முழுவதும் கருத்துப்போகும். பூரணம் தளர்வாக இருந்தால் வாணலியில் போட்டு உருண்டு வரும்வரை கிளறிவிட்டு ஆறவிடுங்கள்.

வெல்லம் சேரும் எதற்கும் தீ குறைவாக வேண்டும், இனிப்பு சீக்கிரம் சிவந்துவிடும். தோல் கறுத்த வாழைப்பழம் இரண்டை மசித்து, ஒரு கப் கோதுமை மாவு, மூன்றில் ஒரு பங்கு கப் வெல்லத்தூள், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசைந்து, உருட்டிப் பொரித்தால் டீக்கடை இனிப்பு போண்டாவுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி ஒன்று வரும். காரத்துக்குக் கோதுமை மாவைத் தவிர்த்துவிடுங்கள். அதன் பசை வடையை ரப்பராக்கும்.

இனி டப்பா அடிகள். பொட்டுக்கடலை என் கண்ணுக்கு இதில் முதல் இடம். வறுத்த பருப்பு என்பதால் காய்ந்திருக்கும், பொடித்துப் போட்டால் கூடுதல் ஈரத்தை உடனே உறிஞ்சும். எந்த மாவு தளர்ந்துபோனாலும் இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலைத் தூள் தூக்கி நிறுத்திவிடும். அவலும் அப்படித்தான், கழுவிப் பிழிந்து பத்து நிமிடம் வைத்தால் தானே மசிந்து பிடிக்கும். காய்ந்த ரொட்டித் துண்டை மிக்சியில் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். நமுத்துப்போன மிக்சர், உடைந்த முறுக்கு இவற்றைக்கூட எறிய வேண்டாம். கரகரப்பாகப் பொடித்துக் கட்லெட்டின் மேல் புரட்டினால் ரொட்டித்தூளைவிட ருசி அதிகம், உப்பை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். பழைய கடலைமாவைப் பயன்படுத்துமுன் ஒரு சிட்டிகையை மோந்து, நாக்கில் வைத்துப் பாருங்கள். கசப்போ சிக்கு வாடையோ இருந்தால் பொரித்தாலும் போகாது.

ஜவ்வரிசியிடம் எச்சரிக்கையாக இருங்கள். மகாராஷ்டிரத்தில் விரத நாட்களுக்கு ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, வறுத்த வேர்க்கடலை மூன்றையும் சேர்த்துச் செய்யும் சாபுதானா வடை அருமையான பலகாரம். ஆனால் மணி முழுதும் ஊறி, விரலில் வைத்து நசுக்கினால் கல் இல்லாமல் மசிய வேண்டும், நாலு மணி நேரமாவது ஆகும். ஒருமுறை ஒரு மணி நேரம் மட்டுமே ஊறியதை அவசரத்தில் தட்டிப் போட்டேன். நடுவில் ஊறாமல் நின்ற மணிகள் வெடித்து, எண்ணெய் முழங்கைவரை தெறித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. கோகுலாஷ்டமிச் சீடை வெடிப்பதும் இதே கதைதான். இறுகிய ஓட்டுக்குள் சிக்கிய ஈரம் ஆவியாகி, போக வழி இல்லாமல் ஓட்டை உடைக்கிறது. மாவைச் சலித்து, கட்டி இல்லாமல் பிசைந்து, தட்டையாக இருந்தால் முள்கரண்டியால் குத்திவிட்டுப் போட வேண்டும்.

மீந்த சப்பாத்தியைப் பற்றி ஒரு வரி: கத்தரிக்கோலால் நாடா நாடாக வெட்டி, மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் உலர்த்திப் பொரித்து, வேர்க்கடலை, கறிவேப்பிலையோடு மிளகாய்த்தூள் உப்புப் போட்டுக் குலுக்குங்கள், பத்து நாள் டப்பாவில் நிற்கும். காய்கறிக் கழிவென்று எறிவதிலும் பலகாரம் உண்டு. முட்டைக்கோஸ் நடுத்தண்டு, காலிஃப்ளவர் காம்பு, முள்ளங்கிக் கீரை இவற்றைப் பொடியாக அரிந்தால் பக்கோடாவுக்கு ஆகும். வங்காளத்தில் உருளைக்கிழங்குத் தோலையே கழுவி, கசகசா தூவி வறுவலாக்கிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள்.

எண்ணெய் குடிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொரியும்போது உள்ளிருந்து வரும் நீராவி எண்ணெயை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கும். குடிப்பதில் பெரும்பங்கு அந்தச் சில நொடிகளில்தான் நடக்கிறது. அதனால் சலசலப்பு முக்கால்வாசி அடங்கியதும் ஜல்லிக்கரண்டியில் அள்ளி, சட்டியின் மேலேயே வைத்து நன்றாக உதறி, கம்பி வலையிலோ சல்லடையிலோ பரப்புங்கள். பேப்பரில் குவித்து வைத்தால் அடியில் இருப்பது எண்ணெயிலேயே உட்கார்ந்திருக்கும், ஆவியில் நமுத்தும் போகும். ஒரே நேரத்தில் சட்டி நிறையப் போட்டாலும் எண்ணெயின் சூடு இறங்கிக் குடிக்கும். நிறம் பொன்னிறத்தில் நிற்கட்டும், கருஞ்சிவப்பு வேண்டாம். மாவுப்பண்டங்களை அதிகச் சூட்டில் கருக விடும்போது அக்ரிலமைடு என்ற பொருள் கூடுகிறது. 2002ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அதை வெளிப்படுத்திய பிறகுதான் பொரித்த பண்டங்களின் நிறத்தை இவ்வளவு கவனிக்கத் தொடங்கினார்கள்.

இரண்டு பேருக்குப் பெரிய வாணலி எதற்கு? தாளிக்கும் கரண்டியைவிட ஒரு சுற்றுப் பெரிய, ஆழமான இரும்புச்சட்டி வாங்குங்கள். 200 மில்லி கடலை எண்ணெய் விட்டால் அதில் அரைவாசி நிற்கும், நாலு நாலாகப் பொரிக்கலாம். மிஞ்சிய எண்ணெயை ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, தூள் இல்லாமல் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாளில் தாளிப்பிலும் பொரியலிலும் தீர்த்துவிடுங்கள், மறுபடி பொரிக்க வேண்டாம். கடைகளுக்கே இதில் வரம்பு உண்டு. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சேரும் போலார் கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை. நுரை அடங்காமல் பொங்கினாலோ, பிசுபிசுத்தாலோ, அடுப்பில் வைத்ததுமே புகைந்தாலோ அந்த எண்ணெய் முடிந்தது.

பொரிக்கவே மனமில்லாத நாட்களும் இருக்கும், சாதம் மட்டும் மீந்திருக்கும். வெயில் காலமாக இருந்தால் அதை வடகமாக்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இரண்டு கப் சாதத்தோடு நாலு பச்சை மிளகாய், ஒரு டீஸ்பூன் சீரகம், பெருங்காயம் சேர்த்து மிக்சியில் ஒன்றிரண்டாக அரைக்கவும். உப்பை வழக்கத்தில் பாதியாகப் போடுங்கள், காய்ந்து சுருங்கும்போது கரிக்கும். காலை எட்டு மணிக்குள் மொட்டை மாடியில் வெள்ளைத்துணி விரித்துக் கிள்ளி வைத்தால் மாலைக்குள் மேல்புறம் காய்ந்துவிடும். மறுநாள் துணியைத் திருப்பி, பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்தால் பிய்யாமல் உரிந்து வரும். தட்டில் போட்டு இன்னும் இரண்டு நாள் வெயில் காட்டுங்கள். இங்கேயும் வேகாத மாவு எதுவும் வேண்டியதில்லை. வெந்த மாவுச்சத்து காய்ந்து ஓடாகி, அதற்குள் மிச்சமிருக்கும் துளி ஈரம் காய்ந்த எண்ணெயில் ஒரே மூச்சில் ஆவியாகி வடகத்தை இரண்டு மடங்காக ஊதிவிடும். ஊறாத ஜவ்வரிசியில் கையைச் சுட்ட அதே ஆவிதான். டப்பாவில் போடுமுன் ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் வருஷம் முழுக்க இருக்கும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.